30 துண்டுப் பந்து படத்தில் ஏன் தட்டையாகத் தெரிகிறது?

வேலந்தாவளத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: ஏ4 பேப்பரைச் சதுரமாக வெட்டி 30 துண்டு சோனோபே பந்து (ஒரே மாதிரி மடித்த 30 தாள் துண்டுகளை ஒட்டாமல் ஒன்றுக்குள் ஒன்று செருகிச் செய்வது) மடிக்கப் பழகிவிட்டேன், கையில் வைத்துப் பார்த்தால் அழகாக இருக்கிறது, போனில் படம் எடுத்தால் வெறும் வெள்ளைத் திட்டாகத் தெரிகிறது, ஆடிக் காற்றில் இரண்டு பந்து பிரிந்தும் போய்விட்டது, நல்ல கேமராவும் ஜப்பான் பேப்பரும் வாங்கினால் சரியாகுமா, மூன்று கலரில் மடித்தால் ஒரே கலர் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடுகிறதே, அதற்கு என்ன வழி? கேள்வி எதை வாங்குவது என்று தொடங்கினாலும், இவர் உண்மையில் கேட்பது வேறு. கைக்குத் தெரிகிற வடிவம் ஏன் கேமரா லென்ஸ் வழியாகப் போனதும் தொலைந்துபோகிறது என்பதுதான் கேள்வி. அதற்கான விடை பெரும்பாலும் கணக்கில் இருக்கிறது, கடையில் இல்லை.

நான் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ்வழிப் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன். வடிவியல் பாடத்துக்காகத் தாள் மடிக்கத் தொடங்கி, மடித்ததைப் பிள்ளைகளுக்குக் காட்டப் படம் எடுக்கத் தொடங்கி, இரண்டும் பல வருடமாகக் கூடவே இருக்கின்றன. உங்கள் தாளை நான் தொட்டுப் பார்க்கவில்லை, உங்கள் படத்தையும் பார்க்கவில்லை. அதனால் கீழே சொல்வதில் கணக்கு சம்பந்தப்பட்டதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். தாள் சம்பந்தப்பட்டதை உங்கள் வீட்டில் ஒருமுறை சோதித்துவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ரசனை சம்பந்தப்பட்டது என் கருத்து மட்டும்தான்.

முதலில் வெளிச்சம், ஏனென்றால் உங்கள் சிக்கலில் முக்கால்வாசி அங்கேதான் இருக்கிறது. பந்தின் மேல் துருத்திக்கொண்டிருக்கும் கூம்புகளில் ஒன்றைக் கவனியுங்கள். மூன்று முக்கோணங்கள் ஓர் உச்சியில் சேர்கின்றன. அந்த மூன்று முகங்களும் ஒன்றுக்கொன்று செங்குத்தானவை. ஒரு கனசதுரத்தின் மூலையைத் தனியாக வெட்டி எடுத்தால் கிடைப்பதும் இதே வடிவம்தான். பளபளப்பில்லாத தாளின் மேல் வெளிச்சம் நேர் செங்குத்தாக விழுந்தால் அது முழு அளவில் வெளுப்பாகத் தெரியும். வெளிச்சம் சாயச் சாய, செங்குத்திலிருந்து எவ்வளவு சாய்கிறதோ அந்தக் கோணத்தின் கொசைனுக்கு ஏற்ப வெளுப்பு குறையும். 1760இல் லாம்பெர்ட் என்ற கணித அறிஞர் எழுதிவைத்த விதி இது. இப்போது உங்கள் போனை நினைத்துப் பாருங்கள். பிளாஷ் லென்ஸை ஒட்டியே இருக்கிறது. கூம்பின் உச்சிக்கு நேரே போனைப் பிடித்து பிளாஷ் போட்டால் மூன்று முகங்களும் ஒரே சாய்வில் வெளிச்சத்தை வாங்குகின்றன. மூன்றுக்கும் கொசைன் 0.58. மூன்றும் ஒரே வெளுப்பு. அப்புறம் விளிம்பு எங்கிருந்து தெரியும்? நீங்கள் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து மடித்த மடிப்புகளை அந்த ஒரு மின்னல் அழித்துவிடுகிறது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கேமராவும் இங்கே இதே படத்தைத்தான் கொடுக்கும்.

சரி, வெளிச்சம் எங்கிருந்து வரவேண்டும்? முகங்கள் ஒன்றுக்கொன்று செங்குத்து என்பதால் ஒரு நல்ல வசதி இருக்கிறது. வெளிச்சம் எந்தத் திசையில் இருந்து வந்தாலும், மூன்று முகங்களின் கொசைன்களையும் தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டினால் 1 வரும். நமக்கு வேண்டியது ஒரு முகம் வெள்ளை, ஒன்று சாம்பல், ஒன்று இருட்டு. ஒவ்வொன்றும் அடுத்ததைப் போல இரண்டு மடங்கு வெளிச்சம் வாங்கவேண்டும் என்று வைத்துக்கொண்டால் (போட்டோக்காரர்கள் இதை ஒரு ஸ்டாப் வித்தியாசம் என்பார்கள்) கொசைன்கள் 0.87, 0.44, 0.22 என்று வரும். வர்க்கப்படுத்திக் கூட்டிப் பாருங்கள், சரியாக இருக்கும். இதற்கு வெளிச்சம் உச்சியின் நேர்க்கோட்டிலிருந்து எவ்வளவு விலகவேண்டும் தெரியுமா? சரியான பக்கமாக விலக்கினால் ஏறத்தாழ 28 டிகிரி போதும். பந்தின் மற்றக் கூம்புகள் வேறு வேறு பக்கம் பார்ப்பதால் அவற்றுக்கு வேறு விகிதம் கிடைக்கும், சில முகங்கள் முழு நிழலில் போகும். போகட்டும். கண் முதலில் போகிற நடுக் கூம்பில் மூன்று தரம் பிரிந்துவிட்டால் மீதி வடிவத்தைக் கண் தானே கட்டிக்கொள்ளும்.

இந்த எண்களை வைத்துக்கொண்டு கோணமானி தேட வேண்டாம். வீட்டுச் சுவரிலிருந்தும் மேசையிலிருந்தும் வெளிச்சம் திரும்பி வரும் என்பதால் நிஜத்தில் கணக்கு அச்சாக வராது. பிளாஷை அணைத்துவிட்டு, ஒரே ஒரு ஜன்னல் அல்லது வாசற்கதவு திறந்திருக்கும் அறையில், மேசையை அந்தத் திறப்புக்குப் பக்கவாட்டில் போடுங்கள். அறை விளக்கை அணையுங்கள். பந்தை மெதுவாகச் சுழற்றிக்கொண்டே ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். இரண்டு கண்ணும் திறந்திருந்தால் மூளை ஆழத்தைத் தானாகச் சேர்த்துக்கொள்ளும், கேமராவுக்கு அந்த உதவி கிடையாது. நடுக் கூம்பில் மூன்று தரம் தெளிவாகப் பிரிகிற இடத்தில் நிறுத்துங்கள். நிழல் பக்கம் ரொம்பக் கறுப்பாகப் போனால் எதிர்ப்பக்கத்தில் ஒரு தெர்மாக்கோல் அட்டையை நிறுத்துங்கள். உச்சி வெயில் நேராக விழுந்தால் ஜன்னலில் வெள்ளை வேட்டி ஒன்றைத் தொங்கவிடுங்கள், போதும்.

பலரும் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிற விஷயம் ஒன்று உண்டு. மேகமூட்டமான நாளில் வெளியே கொண்டுபோய் எடுத்தால் வெளிச்சம் மென்மையாக, நன்றாக இருக்கும் என்பார்கள். மனித முகத்துக்கு அது சரி. தாள் வடிவத்துக்கு அது கெடுதல். வானம் முழுக்க ஒரே விளக்காக மாறிவிடுவதால் எல்லா முகங்களுக்கும் எல்லாப் பக்கமிருந்தும் வெளிச்சம் வந்து, பிளாஷ் செய்த அதே வேலையை வேறு வழியில் செய்துவிடுகிறது. ஆனி, ஆடியில் நம் பக்கம் பெரும்பாலும் இப்படித்தான் வானம் மூடிக் கிடக்கும். அப்போது வெளியே எடுத்தே ஆகவேண்டும் என்றால் வெளிச்சத்தைச் சேர்க்காதீர்கள், குறையுங்கள். பந்தின் ஒரு பக்கத்தில் கறுப்புச் சார்ட் அட்டையை மிக அருகில் நிறுத்தினால் அந்தப் பக்கத்து முகங்கள் இருண்டு வடிவம் எழும்பிவிடும்.

அடுத்தது தூரம். போனின் முதன்மை லென்ஸ் அகலமாகப் பார்க்கும். பந்து படத்தை நிறைக்கவேண்டும் என்று நீங்கள் போனைக் கிட்டே கொண்டுபோகிறீர்கள் என்றே நினைக்கிறேன். கிட்டே போனால் இரண்டு நடக்கும். உங்களை நோக்கியிருக்கிற கூம்பு மட்டும் வீங்கித் தெரியும், பந்தின் ஓரங்கள் பார்வையிலிருந்து மறைந்துபோகும். பந்தின் மையத்திலிருந்து ஒரு விட்டத் தூரத்தில் லென்ஸ் இருந்தால் உங்களைப் பார்த்திருக்கிற நடுப்புள்ளியிலிருந்து எல்லாப் பக்கமும் 60 டிகிரி வரைக்கும்தான் தெரியும். 10 விட்டத் தூரத்துக்குப் போனால் 87 டிகிரி வரை, அதாவது ஏறத்தாழப் பாதிப் பந்தும் தெரிந்துவிடும். 7 செ.மீ. சதுரத்தில் மடித்த 30 துண்டுப் பந்தின் விட்டம் உச்சிக்கு உச்சி ஏறத்தாழ 8 செ.மீ. ஆகவே 80 செ.மீ. தள்ளி வைத்து, போனில் 2 மடங்கோ 3 மடங்கோ ஜூம் லென்ஸ் இருந்தால் அதில் எடுங்கள். இல்லாவிட்டால் அப்படியே எடுத்துப் பிறகு வெட்டிக்கொள்ளுங்கள். கொஞ்சம் தெளிவு குறையும், ஆனால் வடிவம் உண்மையாக இருக்கும்.

எக்ஸ்போஷர், அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தின் அளவு பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேமரா எதைப் பார்த்தாலும் நடுச் சாம்பலாக்கப் பார்க்கும். கறுப்புத் துணிமேல் வெள்ளைப் பந்தை வைத்தால் வெள்ளை கரைந்து போகும், அதனால் திரையில் வெளிச்சக் கோட்டைக் கீழே இழுங்கள். வெள்ளைத் தாள்மேல் வெள்ளைப் பந்து என்றால் கொஞ்சம் மேலே இழுங்கள். சிவப்புத் தாளில் கவனம் அதிகம் வேண்டும். சிவப்பு மட்டும் முதலில் நிரம்பி, மடிப்பெல்லாம் ஒரே சிவப்புப் பரப்பாகிவிடும். பழகும்வரை வெள்ளைத் தாளிலேயே மடித்து எடுங்கள் என்பது என் யோசனை. கலர் பந்தில் நிறமே முகங்களைப் பிரித்துக் காட்டிவிடுவதால் வெளிச்சம் தப்பாக இருந்தாலும் கண் ஏமாந்துவிடும். வெள்ளையில் அப்படி ஏமாற வழியில்லை.

இனித் தாள். பிரிந்துபோன பந்துகளுக்குக் காற்று மட்டும் காரணமாக இருக்காது. 12 சதுரம் ஓர் ஏ4 தாளில் கிடைக்கும், 30க்கு மூன்று தாள், 6 சதுரம் மிச்சம். 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) தாளில் மொத்தப் பந்தும் 12 கிராம்தான் வரும். வெளியே வைத்தால் காற்று தூக்கிக்கொண்டு போகத்தான் செய்யும், அடியில் இரட்டைப் பக்க டேப் ஒட்டினால் நிற்கும். ஆனால் பிரிவது வேறு. ஒட்டாமல் செருகும் வடிவங்களை உராய்வு மட்டுமே பிடித்துவைத்திருக்கிறது. செருகும் முனை, அது நுழைகிற பையைவிட ஒரு நூல் அகலமாகிவிட்டால் உள்ளே முழுதாகப் போகாது, குறுகினால் வழுக்கும். காகித நார் ஈரத்தை உறிஞ்சும்போது நீளத்தில் அதிகம் வளராது, குறுக்கே தடிக்கும். அதனால் தாள் எல்லாப் பக்கமும் சமமாக விரியாமல் நாரின் ஓட்டத்துக்குக் குறுக்கே மட்டும் அதிகம் விரியும். பாதிச் சதுரங்களை நார் நெடுக்காகவும் மீதியைக் குறுக்காகவும் மடித்திருந்தால், மழைக்காலத்தில் அவை இரண்டு அளவாகிவிடும், பந்து தளரும்.

நார் ஓட்டத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். தாளின் ஒரு சிறு துண்டில் ஒரு பக்கத்தை மட்டும் நனைத்தால் அது குழலாகச் சுருளும். அந்தக் குழலின் நீளவாக்குதான் நார் ஓடும் திசை. வெட்டும்போதே 30 சதுரத்திலும் அந்தத் திசையைப் பென்சிலால் மெல்லக் குறித்து, எல்லாவற்றையும் ஒரே மாதிரி வைத்து மடியுங்கள். சதுரம் சதுரமாக இருக்கிறதா என்பதை ஸ்கேலைவிட மூலைவிட்ட மடிப்பு நன்றாகக் காட்டும். இரண்டு மூலைவிட்டமும் முனைக்கு முனை பொருந்தாத துண்டைத் தள்ளிவிடுங்கள். மடிப்பை நகத்தால் இழுத்தால் போதாது, ஸ்கேலின் முதுகால் அழுத்தி இழுங்கள். எல்லாத் துண்டையும் மடித்து ஒரு கனமான புத்தகத்தின் அடியில் ஓர் இரவு வைத்து, மறுநாள் கோத்தால் பிடிப்பு நன்றாக வருகிறது.

பாலக்காட்டுக் கணவாய்க்கு எதிரே குடியிருக்கிறவர்களுக்கு இதில் இன்னொரு கவனம் வேண்டும். மலைத் தொடரில் 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்கு இருக்கிற அந்த இடைவெளி வழியாக ஆனி, ஆடியில் மேற்கேயிருந்து ஈரக்காற்று வருகிறது. மார்கழி, தையில் அதே வழியாகக் கிழக்கேயிருந்து வறண்ட காற்று திரும்பிப் போகிறது. ஒரே தாள் ஆறு மாதத்துக்கு ஒரு குணம் காட்டும். வறண்ட காலத்தில் மடிப்பு விறைப்பாக, படம் எடுக்கக் கூர்மையாக வரும், ஆனால் மேலே மட்டும் நிறம் பூசிய தாள் மடிப்பில் வெடித்து வெள்ளைக் கோடு காட்டும். அப்போது வெயில் ஏறுவதற்கு முன்பு, காலையிலேயே மடித்துவிடுங்கள். ஈரக் காலத்தில் சதுரங்களை மூடி இறுகிய டப்பாவில், செருப்புப் பெட்டியில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு போட்டுவையுங்கள். பசை தொடக்கூடாது என்று சிலர் கண்டிப்பாக இருக்கிறார்கள். அவர்கள் கட்டுப்பாட்டை மதிக்கிறேன். ஆனால் மழைக்காலத்தில் ஒருவருக்குப் பரிசாகக் கொடுக்கிற பந்தில் துளிப் பசை வைப்பது எனக்குத் தப்பாகத் தெரியவில்லை.

ஜப்பான் பேப்பர் வேண்டுமா என்றால், இந்த வடிவத்துக்கு வேண்டாம். நம் ஊர் ஜெராக்ஸ் தாள் விறைப்பானது, துண்டு துண்டாகச் செருகும் வடிவங்களுக்கு விறைப்பு நல்லது. தாள் மடித்துக் கணக்கு செய்வதும் நமக்கு வெளியூர்ச் சரக்கு இல்லை. சுந்தர ராவ் என்பவர் தாள் மடிப்பிலேயே வடிவியல் பயிற்சிகளை எழுதி 1893இல் மதராசில் நூலாக வெளியிட்டார். ஜெர்மன் கணித அறிஞர் ஃபெலிக்ஸ் க்ளைன் அதைத் தன் நூலில் சுட்டிக்காட்ட, 1901இல் சிகாகோவில் மறுபதிப்பு வந்தது. சமபக்க முக்கோணமும் ஐங்கோணமும் அளவுகோல் இல்லாமல் மடிப்பிலேயே வருவதை அதில் படிப்படியாகக் காட்டியிருக்கிறார். பள்ளியில் இதைச் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

மூன்று கலர் கேள்விக்கு வருகிறேன், இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வேண்டியது ஒவ்வொரு கூம்பிலும் மூன்று நிறமும் ஒருமுறை வரவேண்டும் என்பது. 20 கூம்பு, 30 துண்டு, ஒவ்வொரு துண்டும் இரண்டு கூம்புகளுக்குப் பொது. கை போன போக்கில் கோத்துக்கொண்டு போனால் கடைசி ஐந்தாறு துண்டில் வந்து மாட்டிக்கொள்வீர்கள், ஏனென்றால் தொடக்கத்தில் செய்த தேர்வு கடைசியில்தான் முட்டுகிறது. முட்டாத வழி ஒன்று உண்டு. ஒரு கூம்பில் தொடங்கி, துண்டுகளைத் தாண்டித் தாண்டி, 20 கூம்பையும் ஒரே ஒருமுறை மட்டும் தொட்டு, தொடங்கிய கூம்புக்கே திரும்பி வருகிற ஒரு சுற்றுப்பாதையைக் கண்டுபிடியுங்கள். நம் பந்தின் 20 கூம்புகளும், 12 ஐங்கோண முகங்கள் கொண்ட பன்னிரு முகத் திண்மத்தின் 20 முனைகளைப் போலவே இணைந்திருக்கின்றன; அந்த முனைகளை இப்படிச் சுற்றி வரும் புதிரைத்தான் ஐரிஷ் கணித அறிஞர் வில்லியம் ரோவன் ஹாமில்டன் 1857இல் உருவாக்கினார். அந்தப் பாதையில் 20 துண்டுகளைத் தாண்டுவீர்கள். அவற்றுக்கு இரண்டு நிறத்தை மாற்றி மாற்றிக் கொடுங்கள். 20 இரட்டை எண் என்பதால் முடிவும் தொடக்கமும் மோதாது. பாதையில் வராத 10 துண்டுக்கும் மூன்றாவது நிறம். ஒவ்வொரு கூம்பிலும் பாதையில் வந்த துண்டு இரண்டு, வராதது ஒன்று, ஆகவே மூன்று நிறமும் தானாக அமைந்துவிடும். நிறத்துக்கு 10 துண்டு என்ற கணக்கும் இதிலேயே கிடைத்துவிடுகிறது. பழைய வெள்ளைப் பந்து ஒன்றில் பென்சிலால் பாதையை வரைந்து பாருங்கள், அதையே வரைபடமாக வைத்துக்கொண்டு கலர் பந்தைக் கோக்கலாம்.

இந்த வழி படத்துக்கும் உதவும். பந்தை எந்த அச்சில் பார்க்கிறோம் என்பதில் படத்தின் குணமே மாறும். ஐந்து கூம்பு ஒன்றுகூடும் புள்ளிக்கு நேராகப் பார்க்கும் அச்சுகள் 6, ஒரு கூம்பின் உச்சிக்கு நேரான அச்சுகள் 10, ஒரு துண்டின் நடுவுக்கு நேரான அச்சுகள் 15. அச்சுக்கு நேராக எடுத்தால் கோலம் கிடைக்கும், அச்சிலிருந்து கொஞ்சம் விலகி எடுத்தால் உடம்பு கிடைக்கும். மூன்று நிறப் பந்தை ஐந்து கூம்பு சேரும் அச்சில் எடுத்தால், ஐந்து துண்டுக்கு மூன்று நிறம் என்பதால் நட்சத்திரம் எங்கேயும் முழுச் சமச்சீராக வராது. அந்தச் சின்னக் கோணலை நான் ரசிப்பேன். கோணலே வேண்டாம் என்பவர்கள் கூம்பு உச்சியில் எடுக்கலாம்.

பின்னணியைப் பற்றி ஒரு வார்த்தை. நெல்லியாம்பதி மலையைப் பின்னால் வைத்துப் பந்தைக் கையில் பிடித்து எடுக்கும் படங்கள் நிறையப் பார்க்கிறேன். அதில் மலையும் போகிறது, பந்தும் போகிறது. நம் பக்கத்துப் பனையோலை நல்ல துணை. அது இயற்கையிலேயே மடிந்து வளர்வது, மேடும் பள்ளமுமாக மாறி மாறி ஓடும் மடிப்பு. காய்ந்த ஓலை ஒன்றைப் படுக்கவைத்து, பக்க வெளிச்சத்தில் அதன் வரிகள் தெரிய, மேலே வெள்ளைப் பந்தை வைத்து எடுங்கள். இரண்டும் ஒரே வெளிச்சத்தில் ஒரே விதமாகப் பேசும்.

கேமரா இப்போது வேண்டாம். போனை அசையாமல் பிடிக்கும் ஒரு சிறு டிரைபாட் வாங்குங்கள், 3 நொடி டைமரில் எடுங்கள். நிழல் பக்கத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிவதும், பின்பக்கக் கூம்புகளைப் போகஸில் கொண்டுவர முடியாததும் உங்களை உறுத்தத் தொடங்கும்போது, லென்ஸின் துவாரத்தை எஃப் 8, எஃப் 11 என்று கையால் சுருக்க முடிகிற பழைய டிஎஸ்எல்ஆர் ஒன்றை யோசிக்கலாம். அதற்குள் அடுத்த வடிவமாக தாமஸ் ஹல் என்ற கணித அறிஞர் வடிவமைத்த ஃபிஸ் துண்டைப் பழகுங்கள். அதிலும் 30 துண்டு, அதே மூன்று நிறப் பாதை அப்படியே செல்லும். ஆனால் முகங்கள் திறந்த ஐங்கோணங்களாக இருப்பதால் உள்ளே ஒரு சிறிய எல்இடி விளக்கை வைத்து இருட்டில் எடுக்கலாம், நிழல்கள் சுவர் முழுக்க விழும். மெழுகுவர்த்தி மட்டும் வைக்காதீர்கள். முதல் படம் எடுத்ததும் ஜன்னல் எந்தப் பக்கம் இருந்தது, எவ்வளவு தூரத்தில் நின்றீர்கள் என்ற இரண்டையும் எழுதி, படத்தோடு இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.